டாக்டர் பிரான்ஸ் ஃபனான்

யானைக்கவுனியினின்று புரசைவாக்கம் வழியே மேற்றிசை செல்வோர், 1871-ஆம் ஆண்டு முதல் கீழ்ப்பாக்கத்தில் நிலைபெற்றுள்ள மனநோய் மருத்துவசாலையைக் கண்டிருப்பர். அவ்வூர்ப் பெயரையே நம் நகரத்தார் ஏளனச் சொல்லாக்கி விட்டனர், அது நிற்க. ஆங்கிலேயர் ஆட்சியில் மனநோயாளரிடையேயும் நிறபேதம் பாராட்டப்பட்டது. 1918-இல் ராஞ்சியில் திறக்கப்பெற்ற மனநோய்ச்சாலை ஐரோப்பியருக்கென்றே அமைந்ததாகும். பிரெஞ்சுக்காரர் ஆண்ட நாடுகளிலும் இப்பேதம் இருந்தது. அதனை மருத்துவசாலைக்குள்ளேயே எதிர்த்த ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

ஃபனான் 1925-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள், கரீபியக் கடலிலுள்ள மார்த்தினிக் தீவில், கறுப்பினக் குடும்பமொன்றில் பிறந்தார். 1853 முதல் கரும்புத் தோட்ட வேலைக்கென நம் தமிழரும் புதுவையினின்று கப்பலேற்றிக் கொண்டுபோகப்பட்ட தீவு அதுவே. இரண்டாம் உலகப் போரில் பிரான்சின் விடுதலைக்காகப் போர்புரிந்து காயமுற்றார். பின்னர் லியோன் நகரில் மருத்துவம் கற்றார். அங்கே வட ஆப்பிரிக்கக் கூலியாட்கள் உடல் நோகின்றதென்று வந்தால், அது பாசாங்கென்று மருத்துவர் சிலர் தள்ளிவிடுவதைக் கண்டு, 1952-இல் அதனை வெளிப்படையாகக் கண்டித்தெழுதினார்.

1953-ஆம் ஆண்டு நவம்பரில் அல்ஜீரியாவிலுள்ள பிளீடா மனநோய்ச்சாலையில் அவர் மருத்துவராக அமர்ந்தார். அந்நாட்டு மக்களுக்கு இயற்கையிலேயே அறிவு வளர்ச்சி குறைவென்று போதித்த பிரெஞ்சு மருத்துவர் குழாமொன்று அங்கே செல்வாக்குற்றிருந்தது. அவர் பொறுப்பில் ஐரோப்பியப் பெண்டிர் 165 பேரும் முஸ்லிம் ஆடவர் 220 பேரும் வெவ்வேறு விடுதிகளில் இருந்தனர். கூட்டம், இசை, திரைப்படம், நோயாளர் தாமே எழுதும் இதழ் ஆகியவற்றை இரு விடுதிகளிலும் அவர் புகுத்தினார். பெண்டிர் சில திங்களிலேயே தெளிவுற்றனர். ஆடவரோ அசையவேயில்லை. அவர்தம் இயல்பே அத்தகையதென்று பிறர் கூறியிருப்பர். ஃபனான் தம்மையே ஆராய்ந்தார். அவ்வாடவருள் எழுதப் படிக்கத் தெரிந்தோர் மிகச் சிலர். அவர்க்கு இதழ் எற்றுக்கு? பாடலும் விழாவும் அயலாருடையன. மருத்துவருக்கோ அரபு மொழி தெரியாது; மொழிபெயர்ப்பாளர் வாயிலாகவே பேச்சு நிகழ்ந்தது. இரு சாராருக்கும் ஒன்றையே அளித்தமை சமமாக நடத்தியதாகாது என்று அவர் கண்டார். பின்னர் அந்நாட்டு முறையில் ஒரு காப்பிச்சாலை அமைத்தார். முஸ்லிம் பெருநாட்களைக் கொண்டாடச் செய்தார். கதை சொல்வோரை வரவழைத்தார். முதலில் தாம் தோற்றதை 1954-இல் உடனுழைத்த அசூலே என்பாருடன் கட்டுரையாகவும் வெளியிட்டார். தம் தோல்வியை அச்சேற்றும் மருத்துவர் அரியர். நாம் இவரை மதிப்பது முதன்மையாக இதன்பொருட்டே.

அல்ஜீரிய விடுதலைப் போர் மூண்டபின் 1956-இல் பதவி துறந்தார். மறு ஆண்டு நாடு கடத்தப்பட்டார். தூனிஸ் நகரில், நோயாளர் பகலில் வந்து மாலையில் இல்லம் திரும்பும் மருத்துவப் பகுதியொன்றை நிறுவினார். 1961-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் இரத்தப் புற்றுநோயால் அமெரிக்காவில் உயிர் நீத்தார். அப்போது வயது 36. உடல் அல்ஜீரிய மண்ணில் அடக்கம் செய்யப்பட்டது. பிளீடா மருத்துவசாலை இப்போது அவர் பெயரைத் தாங்கியுள்ளது. இங்கிலாந்திலோ, கறுப்பின மக்கள் வெள்ளையரைவிடப் பன்மடங்கு மிகுதியாக மனநோய்ச் சட்டத்தின்கீழ் அடைக்கப்படுவதை அந்நாட்டரசின் கணக்கே இன்றும் காட்டுகின்றது.