தொடை முறிந்தவர்களின் வலி தீர்த்த டாக்டர் தாமஸ்

தேவாரம், போடி பகுதியில் இருந்து ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள் பலர். மழைக்காலத்தில் மலைச்சரிவு வழுக்கும். அங்கே ஒருவர் விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டால் என்ன ஆகும்? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வழியில், ஜீப் வளைவுக்கு வளைவு குலுங்கும்போது உயிரே போவது போல வலிக்கும்.

எலும்பு முறிந்ததும் தொடைத் தசை சுருங்கி இழுக்கும். அது பலமான தசை. முறிந்த முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சதையைக் குத்தும். உள்ளேயே ஒரு லிட்டர் ரத்தம்கூடக் கசியும். வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் இருக்கலாம். ஆபரேஷன் செய்யும்வரை இந்த வலியைத் தணிப்பது எப்படி?

அதற்கு வழி காட்டியவர் ஹக் ஓவன் தாமஸ்.

அவர் பிறந்தது 1834-ம் ஆண்டு, வேல்ஸ் நாட்டில் ஆங்கிள்சி தீவில். பரம்பரையாக எலும்பு கட்டும் குடும்பம். நம் பக்கத்தில் புத்தூர்க் கட்டுக்காரர்கள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தந்தை இவான் தாமஸ் லிவர்பூல் நகரில் பெயர் பெற்ற கட்டுக்காரர். அவரிடம் பட்டம் இல்லை. அதனால் படித்த டாக்டர்கள் அவரைப் பல முறை கோர்ட்டுக்கு இழுத்தார்கள். மனிதர் ஒரு முடிவு செய்தார். தன் ஐந்து மகன்களையும் டாக்டருக்கே படிக்க வைத்துவிட்டார்!

ஹக் 1857-ல் பட்டம் பெற்றார். கொஞ்ச காலம் தந்தையுடன் வேலை செய்தார். ஒத்துவரவில்லை. நெல்சன் தெருவில் தனியாக வைத்தியசாலை வைத்தார்.

குள்ளமான, மெலிந்த உருவம். கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டு. சிறு வயதில் அடிபட்ட கண்ணை மறைக்கத் தலையில் சாய்த்து வைத்த தொப்பி. வாயில் எப்போதும் சிகரெட்டு. விடியற்காலையிலேயே குதிரை வண்டி ஏறி நோயாளிகளைப் பார்க்கப் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை ஏழைகளுக்கு இலவச வைத்தியம். வீட்டிலேயே ஒரு கொல்லரும் தோல் வேலைக்காரரும் இருந்தார்கள். நோயாளியின் காலுக்கு அளவெடுத்து அங்கேயே கருவி செய்து மாட்டுவார்.

அப்படிப் பிறந்ததுதான் தாமஸ் ஸ்பிளிண்ட். முதலில் முழங்கால் நோய்க்காகச் செய்தது. தொடையின் மேல்முனையில் தோல் சுற்றிய ஓர் இரும்பு வளையம். அதிலிருந்து காலின் இரு பக்கமும் இரண்டு கம்பிகள். காலை மெல்ல இழுத்துக் கம்பியின் கீழ்முனையில் கட்டிவிடுவார்கள். தசையால் எலும்பை மேலே இழுக்க முடியாது. எலும்பு அசையாது. குத்தல் குறையும்.

நோய்பட்ட உறுப்புக்கு நீண்ட, இடைவிடாத ஓய்வு வேண்டும் என்பது தாமஸின் கொள்கை. 1875-ல் புத்தகமும் எழுதினார். பெரிய டாக்டர்கள் காது கொடுக்கவில்லை. அவருக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் பதவி இல்லை. அவர் எழுத்திலும் காரம் அதிகம். அதுவும் ஒரு காரணம்தான். 1891 ஜனவரியில், 56-வது வயதில் காலமானார். லிவர்பூலின் ஏழைத் தொழிலாளிகள் அழுதார்கள்.

அவருக்குக் குழந்தை இல்லை. மனைவியின் உறவுப் பையன் ராபர்ட் ஜோன்ஸ் அவர் வீட்டில் தங்கி, அவரிடமே தொழில் கற்றவர். 1914-ல் முதல் உலகப்போர் மூண்டது. குண்டு பாய்ந்து தொடை முறிந்த சிப்பாய்கள், தூக்கிச் செல்லும்போது வலியிலும் ரத்த இழப்பிலும் துவண்டு இறந்தார்கள். நூற்றுக்கு 80 பேர் என்பது அன்றைய ராணுவ டாக்டர்கள் சொன்ன கணக்கு. மாமனின் கருவியைப் போர்முனைக்குக் கொண்டுபோகச் செய்தார் ஜோன்ஸ். இருட்டிலும் மாட்டத் தெரிய வேண்டும் என்று, தூக்குவோருக்குக் கண்ணைக் கட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். 1917-ல் சாவு நூற்றுக்கு 16-க்குக் குறைந்தது! அதைப் பார்க்கத் தாமஸ் இல்லை.

இன்று தொடை நரம்பு மரத்துப்போக ஊசி போடுகிறார்கள், மார்பினும் உண்டு. இடுப்பை ஒட்டி எலும்பு முறிந்த முதியவர்களுக்குக் காலில் எடை கட்டி இழுப்பதைவிட இந்த ஊசியே நல்ல பலன் தருகிறது. ஆனால் நடுத்தொடை முறிந்தவருக்குத் தாமஸின் வளையமும் கம்பியும் இன்னும் உதவுகின்றன.

மலையில் அது கிடைக்காது. அங்கே முறிந்த காலை இழுக்கவோ உருவிவிடவோ கூடாது. இரு கால்களுக்கும் நடுவே துணியை மடித்து வைத்து, முறிந்த காலை நல்ல காலோடு சேர்த்துத் துண்டால் கட்டவேண்டும். கட்டிய பிறகே தூக்கவேண்டும். மயக்க மருந்து கொடுக்க நேரலாம். அதனால் சோறு, காப்பி எதுவும் கொடுக்கக்கூடாது.