கார்னோவின் சிறுநூல்

சாடி கார்னோ 1796ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை லசார் கார்னோ கணித அறிஞர். பிரான்சு நாட்டின் போர் அமைச்சராகவும் விளங்கியவர். பாரசீகக் கவிஞர் ஒருவரின் பெயரையே அவர் தம் மகனுக்குச் சூட்டினார். நெப்போலியன் வீழ்ந்தபின் தந்தை நாடு கடத்தப்பட்டார். படைப் பொறியாளரான மகனுக்கோ கோட்டைகளைப் பார்வையிட்டு வரைபடம் தீட்டும் பணியே வாய்த்தது. அதில் மனம் ஒன்றாத கார்னோ, 1819இல் விடுப்புப் பெற்றுப் பாரிசில் தங்கி அறிவியல் ஆய்வில் ஈடுபட்டார்.

அக்காலத்து நீராவி எந்திரங்கள் சுரங்க நீரை இறைத்தன, கப்பல்களையும் செலுத்தின. ஆயினும் எரித்த கரியின் வெப்பத்தில் மிகச் சிறு பங்கே வேலையாக மாறிற்று. எந்திரத்தைச் செம்மைப்படுத்திக்கொண்டே போனால் வெப்பம் முழுவதையும் வேலையாக்க இயலுமா? இவ்வினா கார்னோவை ஆட்கொண்டது. உயரத்திலிருந்து நீர் தாழ விழும்போதே நீர்ச்சக்கரம் சுழல்கிறது. அதுபோல வெப்பமும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்திற்குச் செல்லும்போதே வேலை செய்கிறது என அவர் கண்டார். எத்துணைச் சிறந்த எந்திரமாயினும் அவ்விரு இடங்களின் வெப்பநிலைகள் விதிக்கும் எல்லையை மீறாது. நீராவிக்கு மாறாகக் காற்றைப் பயன்படுத்தினாலும் அவ்வெல்லை மாறாது. இவற்றை விளக்கி 1824இல் தம் சொந்தச் செலவில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். அதனைப் படித்தோர் மிகச் சிலரே.

அந்நூலில் ஒரு பிழையும் இருந்தது. வெப்பம் அழியாத ஒருவகைப் பாய்மம் என்றே அன்று பலரும் நம்பினர். கார்னோவும் அவ்வாறே எழுதியிருந்தார். பிறகு அவருக்கே அதில் ஐயம் எழுந்தது. தம் குறிப்புகளில் அக்கருத்தைத் திருத்தி எழுதலானார். அவற்றை வெளியிடுமுன், 1832இல் காலரா நோய் அவரைக் கொண்டுபோயிற்று. அப்போது அவருக்கு அகவை 36.

கிளாப்பிரான் என்னும் பொறியாளர் 1834இல் எழுதிய கட்டுரையால் கார்னோவின் பெயர் முற்றும் மறையாமல் நின்றது. அதைப் படித்த வில்லியம் தாம்சன், மூலநூலைத் தேடிப் பாரிசின் புத்தகக் கடைகளில் ஏறி இறங்கினார். கடைக்காரர்களோ தம்பி இப்போலித் கார்னோவின் நூலையே எடுத்து நீட்டினர்!

செருமானியரான கிளாசியஸ், கார்னோவின் கருத்திலிருந்த பிழையை நீக்கி, வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியை வகுத்தார்; 1865இல் என்ட்ரோபி என்னும் சொல்லையும் படைத்தார். நவச்சாரம் நீரில் கரையும்போது நீர் குளிர்கிறது. வெப்பத்தை உறிஞ்சியும் அது தானாகவே கரைவது ஏன் என்பதற்கு, இன்று வேதியியல் என்ட்ரோபியைக் கொண்டே விடை கூறுகிறது.

தம்பி காத்து வைத்திருந்த குறிப்புகள் 1878இல் அச்சேறின. வெப்பம் என்பது இயக்கமே என்றும், வேலை செய்யும்போது அதற்கு ஈடான வெப்பம் குறைகிறது என்றும் கார்னோ அவற்றில் எழுதியிருந்தார். அந்த ஈட்டின் அளவையும் கணக்கிட்டிருந்தார். ஜூல் அதனைச் சோதனையால் அளந்தது, கார்னோ மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின்னரே.