புனித பிரான்சிஸ் அசிசியார்: பொருட்செல்வத்தைத் துறந்து அருட்செல்வம் தேடியவர்

செல்வம் நிறைந்த இளமை

இத்தாலி நாட்டின் உம்பிரியாப் பகுதியிலுள்ள அசிசி நகரில் 1181 அல்லது 1182 ஆம் ஆண்டிலே பிரான்சிஸ் பிறந்தார். தந்தை பியத்ரோ பெர்னார்தோனே, தாய் பீக்கா. தந்தை பிரான்ஸ் நாட்டுடன் வணிகத் தொடர்பு கொண்டிருந்த பெரிய புடைவை வணிகர். திருமுழுக்கின்போது யோவான் எனப் பெயரிடப்பட்ட குழந்தையை அவரே பின்னர் பிரான்சிஸ் என அழைத்தார்.

அக்காலத்தில் இத்தாலிய நகரங்களில் வணிகம் வளர்ந்து, பணப் புழக்கம் பெருகிக் கொண்டிருந்தது. நிலவுடைமையாளருக்கு இணையாக வணிகரும் உயர்ந்தனர். வறியோரோ நகருக்கு வெளியே ஒதுக்கப்பட்டனர். பிரான்சிஸ் தந்தையின் கடையில் பணியாற்றினார். விலையுயர்ந்த ஆடைகளை அணிந்து, நண்பர்களுக்கு விருந்து வைத்து, தாராளமாகச் செலவு செய்தார். போர்வீரராகிப் புகழ் பெற வேண்டும் என்பதே அவரது கனவாக இருந்தது.

மனமாற்றம்

1202 ஆம் ஆண்டில் அசிசிக்கும் பெருஜியா நகருக்கும் இடையே நடைபெற்ற போரில் பிரான்சிஸ் சிறைப்பட்டார். ஏறத்தாழ ஓர் ஆண்டு சிறையில் இருந்தார். விடுதலையான பின் நீண்டகாலம் நோயுற்றார். முன்பு மகிழ்ச்சி தந்தவை இப்போது அவருக்கு வெறுமையாகத் தோன்றின. 1205 ஆம் ஆண்டில் மீண்டும் போருக்குப் புறப்பட்டவர், வழியில் ஸ்பொலெற்றோ என்னும் இடத்திலிருந்து திரும்பி வந்தார்.

தொழுநோயாளரைக் காண்பதே அவருக்கு அருவருப்பாக இருந்து வந்தது. ஆயினும் அவர்களை அணுகிப் பணிவிடை செய்யத் தொடங்கினார். முன்னர் கசப்பாக இருந்தது அதன் பின் தமக்கு இனிமையாக மாறியதாக இறுதிக்காலத்தில் எழுதிய சாசனத்தில் அவர் குறிப்பிட்டுள்ளார். தம்முடைய மனமாற்றம் இங்கிருந்தே தொடங்கியதாக அவர் கருதினார்.

ஆயர் முன்னிலையில்

பாழடைந்திருந்த புனித தமியான் சிற்றாலயத்தில் செபித்தபோது, தமது இல்லத்தைச் செப்பனிடுமாறு சிலுவையிலிருந்து ஆண்டவர் தம்மை அழைப்பதாக பிரான்சிஸ் உணர்ந்தார். உடனே தந்தையின் கடையிலிருந்த துணிகளை எடுத்துச் சென்று, ஃபொலிக்னோ நகரில் விற்று, குதிரையையும் விற்று, அப்பணத்தை ஆலயக் குருவிடம் கொடுத்தார். குரு அதனை ஏற்க மறுத்தார். தந்தையோ கடுஞ்சினம் கொண்டு மகனை வீட்டில் அடைத்து வைத்தார். இறுதியில் வழக்கு அசிசி ஆயர் குய்தோவிடம் சென்றது.

ஆயர் பிரான்சிஸின் நல்ல நோக்கத்தை அறிந்திருந்தும், பணத்தைத் தந்தையிடம் திருப்பிக் கொடுக்கும்படி பணித்தார். பிறருடைய பொருளைக் கொண்டு அறம் செய்வது அறமாகாது. பிரான்சிஸ் பணத்தை மட்டுமன்றி, தாம் அணிந்திருந்த ஆடைகளையும் களைந்து தந்தையின் முன் வைத்தார். இனி விண்ணகத் தந்தையே தமது தந்தை என அறிவித்தார். ஆயர் தமது மேலாடையால் அவரைப் போர்த்தினார். இந்நிகழ்ச்சி 1206 ஆம் ஆண்டளவில் நடைபெற்றது.

சிறிய சகோதரர் சபை

1208 ஆம் ஆண்டளவில், பொன்னும் வெள்ளியும் பையும் இன்றிச் சென்று நற்செய்தி அறிவிக்குமாறு இயேசு தம் சீடரைப் பணித்த பகுதி ஆலயத்தில் வாசிக்கப்படுவதை பிரான்சிஸ் கேட்டார். அதனை அப்படியே வாழ முடிவு செய்தார். அசிசியின் செல்வந்தரான பேர்னார்ட் தம் உடைமைகளை விற்று ஏழைகளுக்குப் பகிர்ந்து கொடுத்து அவருடன் இணைந்தார். 1209 ஆம் ஆண்டில் பாப்பரசர் மூன்றாம் இன்னொசென்ற் இவர்களின் வாழ்க்கை முறைக்கு வாய்மொழியாக அனுமதி வழங்கினார். 1212 ஆம் ஆண்டில் புனித கிளாரா இதே வழியைத் தெரிவு செய்தார்.

சகோதரர்கள் தம் கைகளால் உழைத்தனர். கூலியாகத் தேவையான உணவு முதலியவற்றைப் பெற்றனர், பணத்தை வாங்கவில்லை. வேலை கிடைக்காதபோது இரந்து உண்டனர். உடைமைகள் இருந்தால் அவற்றைக் காக்க ஆயுதமும் வேண்டும், அதனால் வழக்கும் பகையும் வளரும் என்பது பிரான்சிஸின் எண்ணம். 1219 ஆம் ஆண்டில் சிலுவைப் போர் நடந்துகொண்டிருந்த எகிப்துக்குச் சென்று, ஆயுதமின்றிச் சுல்தான் அல் காமிலைச் சந்தித்தார்.

சபை விரைவாக வளர்ந்தபோது இவ்வறுமையைக் காப்பது கடினமாயிற்று. பொலோனா நகரில் ஒரு வீடு சகோதரர்களுக்குச் சொந்தமானது எனப் பேசப்படுவதைக் கேட்ட பிரான்சிஸ், அனைவரையும் அதிலிருந்து வெளியேறச் சொன்னார். அவ்வீடு தமக்கே உரியது எனக் கர்தினால் ஒருவர் பகிரங்கமாக அறிவித்த பின்னரே திரும்பிச் செல்ல அனுமதித்தார். சபையின் ஒழுங்குவிதியைப் பாப்பரசர் மூன்றாம் ஹொனோரியுஸ் 1223 ஆம் ஆண்டில் அங்கீகரித்தார். எனினும் வறுமையை எவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடிப்பது என்ற விவாதம் பிரான்சிஸின் மறைவுக்குப் பின்னரும் சபையில் நீடித்தது.

இறுதிக் காலம்

1224 ஆம் ஆண்டில் லா வேர்னா மலையில் இயேசுவின் ஐந்து காயங்களையும் தம் உடலில் பெற்றார். 1225 ஆம் ஆண்டில், நோயினால் பார்வை பெரிதும் குன்றியிருந்த வேளையிலே, சூரியனையும் நீரையும் நிலத்தையும் உடன்பிறப்புகளாக அழைத்து இறைவனைப் புகழும் பாடலை இயற்றினார். கண்ணால் காண முடியாதபோதும் படைப்பு முழுவதையும் கொடையாகக் கண்டு மகிழ்ந்தார். 1226 ஒக்டோபர் 3 ஆம் திகதி, தமது விருப்பப்படி வெறுந்தரையில் கிடத்தப்பட்ட நிலையில் உயிர் நீத்தார். 1228 ஆம் ஆண்டில் புனிதராக அறிவிக்கப்பட்டார். இவரது திருநாள் ஒக்டோபர் 4 ஆகும்.

இவரது வாழ்வு உணர்த்துவது

பொருள் ஈட்டுவது பாவம் என பிரான்சிஸ் போதிக்கவில்லை. நல்லாடை உடுத்தி நல்லுணவு உண்போரைக் குறைவாக மதிக்க வேண்டாம் என்றே தம் சகோதரர்களுக்குக் கட்டளையிட்டார். எல்லோரும் வீட்டைத் துறந்து செல்ல வேண்டும் என்பதும் அவரது போதனையன்று. வறுமை இருவகைப்படும். பசியாலும் அநீதியாலும் ஒருவர் மீது சுமத்தப்படும் வறுமை நீக்கப்பட வேண்டியது. இறைவனையும் அயலவரையும் அன்பு செய்வதற்காக ஒருவர் விரும்பி ஏற்கும் எளிமையே போற்றத்தக்கது. பொருட்செல்வம் பகிரும்போது குறையும், காக்கும்போது கவலை தரும். இறையன்பு, மன அமைதி, இரக்கம் ஆகிய அருட்செல்வங்களோ பகிருந்தோறும் பெருகும். மாணவர்களே, நம்மிடமுள்ள பொருள் நமக்குப் பணி செய்கின்றதா, அல்லது நாம் அதற்குப் பணி செய்கின்றோமா என்பதைச் சிந்தித்துப் பார்ப்பது நன்று.

பயிற்சி வினாக்கள்

1. பிரான்சிஸின் மனமாற்றத்திற்குக் காரணமான நிகழ்ச்சிகள் மூன்றைக் குறிப்பிடுக.
2. துணிகளை விற்ற பணத்தைத் திருப்பிக் கொடுக்குமாறு ஆயர் பணித்தது சரியா? காரணம் தருக.
3. சுமத்தப்பட்ட வறுமைக்கும் விரும்பி ஏற்ற எளிமைக்கும் இடையிலான வேறுபாட்டை விளக்குக.
4. இன்றைய மாணவர் ஒருவர் தம் அன்றாட வாழ்வில் எளிமையைக் கடைப்பிடிக்கக்கூடிய வழிகள் இரண்டினை எழுதுக.