காவல் துறைக்கு அமைச்சரான கக்கன்

காவலர் பயிற்சி நிறைவுபெறும் நாளில் மணிமுத்தாற்றுச் சிறப்புக் காவல் படை மைதானத்தில், சீருடை அணிந்த இளைஞர்கள் அணிவகுத்து நின்று உறுதிமொழி ஏற்பர். பந்தலின் கீழ் அவர்தம் பெற்றோரும் உடன்பிறந்தாரும் அமர்ந்திருப்பர். ஆழ்வார்குறிச்சி, சிவசைலம் பக்கத்து வயல்களில் நடவு நட்ட கைகளும் அங்கே கை தட்டுவதுண்டு. நம் பாட்டன்மாருக்குக் காவல் நிலையம் என்பது பிறர் இழுத்துச் செல்லும் இடமேயன்றித் தாமாகச் செல்லும் இடமாக இருந்ததில்லை. அத்தகைய மக்களிடமிருந்து சென்று மாநிலத்தின் போலீஸ் இலாகா முழுவதற்கும் பொறுப்பேற்றவர் திரு. பி. கக்கன் அவர்கள். நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அன்னாரின் வரலாறு இடம்பெறுதல் பொருத்தமே.

மதுரை மாவட்டம் மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் 1908ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் கக்கன் பிறந்தார். தந்தையார் ஊர்க் கோயில் பூசாரி. பள்ளிப் பருவத்திலேயே காங்கிரசில் ஈடுபட்டார். 1939 ஜூலை 8ஆம் நாள் மதுரை அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் மீனாட்சியம்மன் ஆலயத்துள் நுழைந்த குழுவில் அவரும் ஒருவர். ஐயரைத் தந்தைக்கு நிகராக மதித்தவர். 1955இல் ஐயர் மறைந்தபோது மகனுக்குரிய முறையில் தலைமுடி களைந்தார் என்பர்.

1942ஆம் ஆண்டுப் போராட்டத்தில் சிறை சென்றார். அதற்கு முன் மேலூர்க் காவல் நிலையத்தில் நாட்கணக்காக அடியுண்டார் என்பது அவ்வட்டாரத்தார் இன்றும் சொல்லும் செய்தி. அந்த அடியைப் பட்ட உடலே பின்னாளில் போலீசாரின் வணக்கத்தை ஏற்றது.

அரசியல் நிர்ணய சபையிலும், 1952 முதல் 1957 வரை மக்களவையிலும் உறுப்பினராய் இருந்தார். 1957 ஏப்ரல் 13ஆம் நாள் காமராசர் அமைச்சரவையில் பொதுப்பணித் துறையும், ஹரிஜன நலம் என அந்நாளில் வழங்கிய துறையும் ஏற்றார். வைகை அணை 1959இல் திறக்கப்பட்டது அவர் பொறுப்பில் இருந்த காலத்தே. நம் மணிமுத்தாற்று அணை முற்றுப்பெற்றதும் அந்த ஆண்டுகளில்தான். 1962இல் வேளாண்மைத் துறை அமைச்சரானார். காமராசர் பதவி விலகிப் பக்தவத்சலம் முதலமைச்சரானபோது, 1963 அக்டோபர் 3ஆம் நாள் உள்துறை கக்கனிடம் வந்தது.

இனி, நம் இளைஞர் அடிக்கடி கேட்கும் கேள்விக்கு வருவோம். அத்தனை அதிகாரம் கையிலிருந்தும் தம்மவர்க்கு அவர் என்ன செய்து கொடுத்தார் என்று கேட்கின்றனர். அவருடைய தம்பி ஒருவர் காவல் துறை வேலைக்குத் தெரிவானார் என்றும், தம்பியின் கைவிரல்களில் குறை இருந்ததை அறிந்த கக்கன் அத்தெரிவைத் தாமே நீக்கச் செய்தார் என்றும் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். வீட்டில் என்ன வருத்தம் எழுந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். அண்ணன் மந்திரியாயிருந்தும் இப்படியா என்று சுற்றத்தார் முணுமுணுத்திருப்பர். ஆயினும் அந்தத் தம்பி அந்த வேலையில் அமர்ந்திருந்தால், முறையாக ஓடி, உயரமும் மார்பளவும் காட்டித் தேறிய நம் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் மந்திரியின் ஆள் என்றே ஊர் பேசியிருக்கும். அந்தப் பேச்சு எத்தனை கொடியது என்பதை அரசுப் பணியிலுள்ள நம்மவர் அறிவர். ஆகவே, அவர் தம்பிக்குச் செய்யாதது நமக்குச் செய்ததே என்பது என் கருத்து. மாற்றுக் கருத்துடையோரும் நம் சங்கத்தில் உளர். அவருடைய பேத்தியார் ஒருவர் பின்னாளில் இந்தியக் காவல் பணியில் உயர் அதிகாரியானார் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம்.

அவர் காலத்துக் கறையையும் மறைத்தல் தகாது. 1965இல் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியின்போது போலீசார் பல ஊர்களில் சுட்டனர். மாணவர் உட்படப் பலர் மாண்டனர். ஆணைகள் எவரிடமிருந்து வந்தனவாயினும் உள்துறை அமைச்சர் என்ற முறையில் பழியில் ஒரு பங்கு அவரையும் சேர்ந்தது. 1967 தேர்தலில் மேலூர்த் தொகுதியில் தோற்றார்.

பத்தாண்டுகள் அமைச்சராயிருந்தவர், பதவி போனபின் வாடகை வீட்டில் குடியிருந்து நகரப் பேருந்தில் சென்று வந்தார். நோயுற்றபோது மதுரை அரசு மருத்துவமனையின் பொது வார்டில் சேர்ந்தார். அங்கே சிகிச்சையிலிருந்த மதுரை முத்துவைக் காண வந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர்., கக்கனும் அங்கு இருப்பதறிந்து சென்று பார்த்துத் தக்க வசதிகள் செய்ய ஆணையிட்டார். சிறப்பு அறை வேண்டும் என்று அதுவரை அவர் யாரிடமும் கேட்டிருக்கவில்லை.

1981 டிசம்பர் 23ஆம் நாள் கக்கன் காலமானார். 1999இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது.