சாம் குக் சரிதமும் ஓர் இசைத்தட்டும்

பாடினோர் மாய்ந்த பின்னும் பாட்டு மாயாதென்பர். ஆயினும் அது குறைவுபடாது நிலைத்தல் வேண்டுமன்றோ? அமெரிக்கக் கறுப்பின மக்களின் "ஸோல்" இசைக்கு வழிகோலியோருள் ஒருவராகிய சாம் குக் என்பாரின் சரிதம் இதனை விளக்கும்.

இவர் 1931-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 22-ஆம் நாள், மிசிசிப்பி மாகாணத்துக் கிளார்க்ஸ்டேல் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் சார்லஸ் குக் ஒரு சபைப் போதகர். குடும்பத்தார் சிக்காகோ நகரிற் குடியேற, சாம் உடன்பிறந்தாருடன் ஆலயங்களிற் பாடி வளர்ந்தார். ஏறக்குறைய இருபதாம் வயதில் "ஸோல் ஸ்டிரரர்ஸ்" என்னும் ஞானகீதக் குழுவில் முதன்மைப் பாடகரானார். பின்னர் உலகியற் பாடல்களில் நாட்டங்கொண்டு, ஞானகீத அன்பர் வெறுப்பரோ என்றஞ்சி, 1957-இல் "டேல் குக்" என்ற மாற்றுப் பெயரால் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். பெயர் மறைந்தும் குரல் மறையவில்லை. அவ்வாண்டிலேயே சொந்தப் பெயரால் வந்த "யூ செண்ட் மீ" நாடெங்கும் முதலிடம் பெற்றது.

புகழும் பொருளும் பெருகியும் இழிவு நீங்கிற்றில்லை. 1963 அக்டோபரில் லூசியானா மாகாணத்து ஷ்ரீவ்போர்ட் நகரில், முன்னரே அறை கேட்டு வைத்திருந்தும், நிறம் பற்றி விடுதியொன்றில் இடம் மறுக்கப்பட்டது. சினந்து வழக்காடிய குக் அன்றே சிறைப்பிடிக்கப்பட்டார்.

1964 ஜனவரியில் அவர் "எ சேஞ்ச் இஸ் கோனா கம்" என்னும் பாடலைப் பதிவு செய்தார்; மாற்றம் வந்தே தீரும் என்பது அதன் பொருள். ரெனே ஹால் என்பார் நரம்பிசையும் கொம்பும் முழவும் விரவ அதற்கு இசையமைத்தார். அவ்வாண்டின் தொடக்கத்தில் அது பல பாடல் கொண்ட பெருந்தட்டில் முழுமையாக வெளிவந்தது. ஜூலை 2-ஆம் நாள், விடுதிகளிலும் அரங்குகளிலும் நிறம் பற்றி விலக்குதலைத் தடுக்கும் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறிற்று.

டிசம்பர் 11-ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸ் நகர விடுதியொன்றில் குக் சுடப்பட்டு மாண்டார். வயது முப்பத்து மூன்றே. அத்திங்களின் இறுதியில் அப்பாடல் சிறுதட்டாக, "ஷேக்" என்னும் ஆடற்பாட்டின் மறுபக்கத்தில் வெளிவந்தது. வானொலிக்கெனச் சுருக்கியபோது நீக்கப்பட்டது ஒரு சரணம்: படக்காட்சிக்கும் கடைவீதிக்கும் சென்றவனை ஒருவர் இங்கு நில்லாதே எனத் துரத்தும் பகுதி. எவ்விழிவைச் சட்டம் விலக்கிற்றோ, அவ்விழிவைக் கூறும் சரணமே அகன்றது!

பெருந்தட்டோ முழுப்பாடலையும் காத்து நின்றது. 2007-இல் அமெரிக்கப் பாராளுமன்ற நூலகம் அப்பாடலை நாட்டின் பேணத்தகு ஒலிப்பதிவுகளுள் ஒன்றாகச் சேர்த்தது. நம்பிக்கையைப் பாடும் கீதத்தில், அந்நம்பிக்கையைப் பிறப்பித்த துயரையும் கேட்டலே கேட்போர் கடன்.