பூண்டி தந்த மேயர் – தீரர் சத்தியமூர்த்தி



போடி மலைச்சரிவில் இருக்கிற நமக்கும் சென்னை மேயருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சிலமலைக்காரனான நான் சிவில் படித்துவிட்டு இன்று குடிநீர்த் திட்ட வேலை பார்க்கிறேன். அந்த வகையில் என் மனசுக்கு நெருக்கமான அரசியல்வாதி தீரர் சத்தியமூர்த்திதான்.

1887-ல் புதுக்கோட்டைச் சீமை திருமயத்தில் பிறந்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, பிறகு சட்டம் முடித்து வக்கீலானார். தமிழிலும் இங்கிலீஷிலும் மேடையை அதிர வைப்பார். பாரதியார் பாடல்களுக்கு 1928-ல் தடை வந்தபோது சென்னை சட்டசபையில் எழுந்து வாதாடியவர் இவர். பிறகு டில்லி மத்திய சட்டசபைக்கும் போனார்.

1939-ல் சென்னை மேயரானார். அமெரிக்க நகரங்கள் பலவற்றில் மேயர்தான் நிர்வாகத்தின் தலைவர். இங்கே அப்படி இல்லை. நிர்வாகம் கமிஷனர் கையில்; மேயருக்கு அங்கியும் சங்கிலியும், அன்று பதவிக்காலம் ஒரே வருஷம். மாலை வாங்கிக்கொண்டே அந்த ஒரு வருஷத்தை ஓட்டியிருக்கலாம்.

ஆனால் ஊரோ தண்ணீருக்குத் தவித்தது. மழைக்காலத்தில் கொசஸ்தலை ஆற்று வெள்ளம் எண்ணூர் பக்கம் வீணாகக் கடலுக்குப் போனது. அதைப் பூண்டியில் மறித்து நிறுத்த வேண்டும் என்பதே திட்டம். நேரமோ மகா மோசம். உலகப் போர் தொடங்கிவிட்டது. காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமா செய்துவிட்டன. அனுமதி தர வேண்டியதோ, தன் கட்சி எதிர்த்து நின்ற அதே வெள்ளைக்கார அரசாங்கம். கொள்கையை விடாமல், ஊருக்காக அவர்களோடு பேசி, விடாப்பிடியாக நின்று காரியத்தைச் சாதித்தார். 1940-ல் அடிக்கல் நாட்டப்பட்டது.

1942 ஆகஸ்டில் கைதாகி அமராவதி சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார். முதுகெலும்பு பாதிக்கப்பட்டு உடம்பு ஒடிந்தது. 1943 மார்ச் 28-ல் சென்னை பொது மருத்துவமனையில் காலமானார். வயது 55தான். பூண்டி நீர்த்தேக்கம் முடிந்தது 1944-ல். அதில் நீர் நிரம்பியதை அவர் பார்க்கவில்லை.

இன்று அதன் பெயர் சத்தியமூர்த்தி சாகர். கொள்ளளவு 3 டி.எம்.சி.க்கு மேல். 1996-ல் ஆந்திராவிலிருந்து கிருஷ்ணா நீர் வந்தபோது, அதை வாங்கி வைக்கவும் இந்த ஏரிதான் கைகொடுத்தது.

நமக்கும் ஓர் உறவு உண்டு. அவருடைய அரசியல் சீடர் காமராஜர். அவர் முதலமைச்சராக இருந்தபோதுதான், 1959-ல், வைகை அணை திறக்கப்பட்டது. நம்ம கொட்டகுடி ஆற்றுத் தண்ணீரும் அங்கேதான் போய்ச் சேருகிறது.

தம்பிகளே, தங்கைகளே! நாளைக்கு நீங்களும் ஏதாவது ஒரு நாற்காலியில் உட்காருவீர்கள். அதிகாரம் கொஞ்சமாகத்தான் இருக்கும், காலமும் கொஞ்சமாகத்தான் இருக்கும். அதற்குள் ஊருக்கு ஒரு நல்ல வேலையைத் தொடங்கி வையுங்கள். முடிப்பதற்குப் பின்னால் ஆள் வருவார்கள்.