வெபர் அஞ்சிய இயந்திரம்

பொது நிர்வாகவியல் மாணவனாக இருந்தபோது மாக்ஸ் வெபரை நான் அறிந்தது ஒரு பட்டியலாகத்தான். படிநிலை, எழுதப்பட்ட விதி, கோப்பு, தகுதிவழி நியமனம், நிலையான ஊதியம் என்று மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்றேன். அதிகாரத்துவத்தைப் போற்றியவர் என்றே அவரைக் கருதினேன். அவரது வாழ்க்கையைப் படித்தபோது அந்தக் கருத்து மாறியது.

1864-இல் பிரஷ்யாவின் எர்ஃபுர்ட் நகரில் வெபர் பிறந்தார். தந்தை அரசியல்வாதி, தாய் ஆழ்ந்த சமயப்பற்று உடையவர். சட்டம் பயின்ற வெபர், 30 வயதில் ஃபிரைபர்க் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1897-இல், தாயை நடத்தும் முறை குறித்துத் தந்தையுடன் கடுமையாக மோதினார். சமாதானம் ஏற்படும் முன்பே தந்தை இறந்துவிட்டார். வெபரின் மனநலம் குலைந்தது. வகுப்பெடுக்க இயலாமல், 1903-இல் ஹைடல்பர்க் பேராசிரியர் பதவியைத் துறந்தார்.

தந்தையின் அதிகாரத்தை எதிர்த்த அந்த மகன்தான் பின்னாளில், மனிதர்கள் ஏன் மனமுவந்து கீழ்ப்படிகிறார்கள் என்று ஆராய்ந்தார். மரபு, தலைவரின் அசாதாரண ஈர்ப்பு, சட்டம் என மூன்று அடிப்படைகளைக் கண்டார். சட்டத்தின் ஆட்சியில் மக்கள் பணிவது மனிதருக்கு அன்று, அவர் வகிக்கும் பதவிக்கே என்றார். அதன் செயல்கருவியே அதிகாரத்துவம்.

முதல் உலகப்போரின் தொடக்கத்தில் ஹைடல்பர்க் பகுதி ராணுவ மருத்துவமனைகளை நிர்வகித்து, அக்கருவியை உள்ளிருந்தே கண்டார். 1917-இல் நாளிதழில் எழுதிய கட்டுரைகளில் ஜெர்மனியின் நோயைச் சுட்டினார். தான் உடன்படாத ஆணையையும் நேர்மையாக நிறைவேற்றுவது அதிகாரியின் கடமை. முடிவுக்குத் தானே பொறுப்பேற்பது அரசியல்வாதியின் கடமை. அரசியல்வாதியின் இடத்தில் அதிகாரி அமர்ந்தால், பதில் சொல்ல எவரும் இருக்கமாட்டார். ஆகவே, நிர்வாகத்தை விசாரிக்கும் வலிமை நாடாளுமன்றத்துக்கு வேண்டும் என்று வாதிட்டார்.

போருக்குப் பின் குடியரசின் அரசமைப்புச் சட்டம் உருவானபோது, மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் குடியரசுத் தலைவர் வேண்டும் என்று வலியுறுத்தினார். அதிகாரத்துவத்துக்கு அது எதிர்விசையாகும் என்பது அவர் நம்பிக்கை. 1920 ஜூன் 14 அன்று மியூனிக்கில் நிமோனியாவால் இறந்தபோது அவருக்கு வயது 56.

1933-இல், மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்தான் ஹிட்லரைப் பிரதமராக நியமித்தார். யூத அதிகாரிகள் சட்டத்தின் பெயரால் நீக்கப்பட்டார்கள். எஞ்சியோரில் பெரும்பாலானோர் ஆணைகளை ஒழுங்காக நிறைவேற்றினார்கள். வெபர் சொன்ன மருந்து பொய்த்தது. அவரது அச்சம் மெய்யானது.

இன்று அதே பாடத்தை நான் நடத்துகிறேன். பட்டியலை எழுதிய பின், இந்த ஆணைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்ற கேள்வியையும் கரும்பலகையில் எழுதுகிறேன். தேர்வில் அதற்கு மதிப்பெண் இல்லை. நாளை அலுவலக நாற்காலியில் அமரப்போகும் மாணவர்களுக்கு அது தேவைப்படும்.